சத்தமில்லாமல் இறங்கும் ஜீப்பு

சென்னையில் நான் பார்க்கிற வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் கம்ப்யூட்டரில் மழை போடுகிறேன், புகை போடுகிறேன், பனி போடுகிறேன். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர். லீவில் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "இன்னாடி இது அதிசயமா கீது, பனி போடறதுக்குக்கூட ஆளு வெக்கிறாங்களா? மார்கழியில இங்க வந்து பாரு, சும்மாவே கொட்டிக்கினு கெடக்குது." நானும் சிரித்துவிடுவேன். ஆனால் பனி என்ற பேச்சு வந்தாலே சட்டென்று வேறே பேச்சுக்குத் தாவிவிடுவேன். அது ஏன் என்று அம்மாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியில் அது கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்கு மூன்று பேர் ஒரு டீம். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. கேமரா, திருநாவலூர்க்காரன் ஒருத்தன். அவன் அப்பா எலெக்ட்ரீஷியன். அதனால் பை நிறைய ஒயரும் ஸ்க்ரூ டிரைவருமாகத்தான் வகுப்புக்கே வருவான். மூன்றாவது ஆள் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவள். மலைக்காரி, மலைக்காரி என்றே கூப்பிட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு அழகான பேர் ஒன்று இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அதுதான் கை. தெர்மாகோலை பிளேடால் நாலு கீறு கீறி, களிமண் தண்ணியைத் தெளித்து வைத்தாள் என்றால் அது பாறை. தொட்டுப் பார்த்தால்தான் பொய் தெரியும்.

அந்த வருஷம் சார் கொடுத்த வேலை இதுதான். கையால் ஒரு சின்ன மாடல் செய்ய வேண்டும்; அதைக் கேமராவில் எடுக்கிறபோதே கம்ப்யூட்டர் மாயமும் சேர்ந்து திரையில் தெரிய வேண்டும். எடுத்து முடித்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து பனியை ஒட்டுகிற கதை கிடையாது. கேமரா நகர்ந்தால் பனியும் கூடவே நகர வேண்டும், குறை என்றால் அந்த நொடியே குறைய வேண்டும். "ரியல் டைம், ரியல் டைம்" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார் சார். வாரா வாரம் வந்து "ப்ரோகிரஸ் இன்னாச்சி?" என்பார். "போய்க்கினு இருக்குது சார்" என்போம். "எங்க போய்க்கினு இருக்குது, உளுந்தூர்பேட்டைக்கா?" என்பார்.

மற்ற டீம்கள் கோட்டை கட்டினார்கள், ராக்கெட் விட்டார்கள். நாங்கள் என்ன செய்வது என்று கேன்டீனில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எங்க மலை ரோட்ல ஒரு வளைவு கீது. அத செய்யலாம்."

"வளைவுல இன்னாடி கீது?" என்றேன்.

அவள் டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அவள் அப்பா மலையில் ஜீப் ஓட்டியவர். ஊர்ச் சனங்களை மூட்டை முடிச்சோடு ஏற்றி அடிவாரத்துக்கு இறக்குவார், திரும்ப ஏற்றுவார். அவள் ப்ளஸ் டூ படித்த வருஷம், மார்கழியில் ஒரு காலை, அந்த வளைவில் ஜீப் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. உள்ளே இரண்டே பேர். பக்கத்து வீட்டு அம்மாவும், அந்த அம்மாவின் தம்பியும். இருவருமே போய்விட்டார்கள். அப்பா வெளியே தூக்கி எறியப்பட்டு மூங்கில் புதரில் விழுந்தார். கால் முறிந்தது, உயிர் இருந்தது.

"பொழைச்சதுதான் தப்பாப் போச்சி" என்றாள்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். "எங்கப்பா அத மோந்துகூடப் பாத்ததில்ல" என்று சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைத்தது. அவர் மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் கூடிக் கேட்டபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அவள் அம்மாதான் அழுது அழுது சொல்லியிருக்கிறாள், பனி, பனியில் கண்ணு தெரியவில்லை என்று. அன்றைக்கு ஊரில் நல்ல வெயில். மலையில் அது ஒன்றும் கணக்கில்லை. மேலே வெயில் அடிக்கும், இரண்டு வளைவு இறங்கினால் கை நீட்டினால் கை தெரியாது. ஆனாலும் யாரும் நம்பவில்லை.

அவர்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்த பிறகுதான் வந்த சேதி. தண்ணீரை வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் காலையிலிருந்து அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பெண்டாட்டியை இழந்த பக்கத்து வீட்டுக்காரரை இவள் சின்ன வயசிலிருந்து பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர் தினமும் இவர்கள் வாசலைத் தாண்டித்தான் காட்டுக்குப் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டே போவாராம். அப்பா ஜீப்பைத் தொடுவதை விட்டுவிட்டு, கீழே இறங்கி கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மாசத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார், அதுவும் இருட்டின பிறகு.

"அந்த வளைவ அப்படியே செய்யணும்டி. பனியையும் அப்படியே போடணும். பெரியப்பாவ இங்க இட்டாந்து காட்டணும். பனியில ஒண்ணும் தெரியாதுன்னு அவரு கண்ணால பாக்கணும். அவரு எங்க வூட்டுத் தண்ணிய குடிச்சிட்டா போதும், ஊரு குடிக்கும்."

எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கொதிக்கும், அது என் பிறவிக் கோளாறு. "குடிக்க வெக்கலாம்டி! குடிக்காம எங்க போயிடுவாரு?" என்று மேசையில் அடித்துச் சொன்னேன். டீ கொட்டியது. இன்னும் அந்த வார்த்தை எனக்குக் காதில் கேட்கிறது.

அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போனோம். திருநாவலூர்க்காரன் மூன்றாவது வளைவிலேயே ஜன்னல் வழியாக வாந்தி எடுத்து, வளைவு வந்ததும் செத்த கோழியாக இறங்கினான். டேப் பிடித்து அளந்தோம். ரோட்டின் அகலம், பாறையின் உயரம், ஓரத்தில் நின்ற நாவல் மரம் எத்தனை அடி, வெள்ளையடித்த ஓரக் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடம். ஜீப் பெயர்த்துக்கொண்டு போன இரண்டு கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. அவள் அதையும் அளந்து நோட்டில் எழுதினாள். மண்ணை ஒரு பையில் அள்ளிக்கொண்டோம்.

திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போது திருநாவலூர்க்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஏ, எதுக்கும் அவங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுடலாமா? எவ்ளோ பனி இருந்திச்சின்னு பாத்தவரு அவரு ஒருத்தருதானே."

நான் எகிறிவிட்டேன். "உனக்கு அறிவு கீதாடா? வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சச் சொல்றியா? மூணு வருஷமா வாயத் தொறக்காத மனுசனாண்ட போயி, ஐயா பனி ஜாஸ்தியா கம்மியான்னு கேக்கப் போறியா?" அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனான். அவன் கேட்டது சரியான கேள்வி. நான்தான் அதன் கழுத்தைத் திருகினேன்.

எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை. நிஜத்தில் ஒரு அடி என்றால் பலகையில் அரை அங்குலம். தார் ரோட்டுக்குக் கறுப்பு உப்புத்தாள். புதருக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். நாவல் மரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கி முறுக்கி ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். மலையிலிருந்து கொண்டு வந்த மண்ணைப் பழைய நைலக்ஸ் புடவைத் துணியில் சலித்துத் தூவினாள். மண் கொஞ்சம் பருமனாக விழுந்தாலும் கேமராவில் அது குண்டுக்கல்லாகத் தெரியும், உடனே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்பின் மேல் போட்ட நீலத் தார்ப்பாய் மட்டும் அவள் வீட்டிலிருந்து வந்தது. நிஜ ஜீப்பின் தார்ப்பாயில் கிழிந்த ஒரு துண்டு.

என் பாடு வேறே. அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்து, அதே வளைவைக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒன்று கட்டினேன். எது பக்கம், எது தூரம் என்று அதற்குத் தெரிந்தால்தானே பனியைப் பாறைக்கு முன்னால் லேசாகவும் மரத்துக்குப் பின்னால் கெட்டியாகவும் நிறுத்தும். கேமராவின் தலையில் ஒரு செல்போனைக் கட்டியிருந்தோம். கேமரா எங்கே நகர்கிறது என்று அது கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும்.

முதல் ரெவ்யூவில் மானம் போனது. கேமரா முன்னால் போக, பனி அரை நொடி கழித்துப் பின்னாலேயே ஓடி வந்தது. "இன்னாம்மா இது, கல்யாண வூட்ல பந்திக்கு லேட்டா வந்தவன் மாதிரி ஓடியாருது" என்றார் சார். வகுப்பே சிரித்தது. ஜீப்பை ஒரு நூலில் கட்டி இழுத்தோம். அது வெடுக் வெடுக்கென்று குதித்து விளையாட்டுச் சாமானாகவே போனது. அவள் ஒரு மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு மார்க் போனது. அவளுக்குப் போனது அவள் அப்பாவின் பேர்.

இரண்டாம் ரெவ்யூவுக்குள் சரிசெய்தோம். தூண்டில் நரம்பும் சின்ன மோட்டாரும் போட்டு ஜீப்பை மெதுவாக இழுத்தோம். ஓட்டுகிறவர் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரம் என்றால் எங்கள் பலகையில் இரண்டரை அங்குலம். கேமராவை அந்த உயரத்துக்கே இறக்கி, ஜீப்புக்குப் பின்னாலேயே ஒரு சின்னத் தண்டவாளம் போட்டு அதில் ஓடவிட்டான் திருநாவலூர்க்காரன். பனியைக் கூட்டிக் குறைக்க அவன் ஒரு வேலை செய்தான் பாருங்கள், அதற்கே அவனுக்கு மாலை போடலாம். பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைப் பிரித்து, உள்ளே ஏதோ கோர்த்து, கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டான். வீட்டில் ஃபேனுக்கு இருக்குமே, சைபரிலிருந்து ஐந்து வரைக்கும், அதேதான். சைபரில் பளிச்சென்ற வெயில். ஐந்தில் வெறும் வெள்ளை. திருப்பும்போது டக் டக்கென்று சத்தம் வரும்.

எந்த எண்ணில் வைப்பது என்று எப்படி முடிவுசெய்தோம் தெரியுமா? ஜீப்புக்குப் பின்னாலிருந்து கேமரா காட்டியதை அவள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். மூன்றில் ஓரக் கல் மங்கலாகத் தெரிந்தது. "இன்னும்" என்றாள். நான்கில் கல்லும் காணோம், மரமும் காணோம், ரோடு எங்கே திரும்புகிறது என்றே தெரியவில்லை. "இதான்" என்றாள். "இதான்டி, இப்படித்தான் இருந்திருக்கும்." நானும் ஆமாம் என்றேன். வளைவு மறைகிற எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நிஜம் என்று பேர் வைத்தோம். நாங்கள் மூன்று பேரும் அங்கே இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அந்த ரெவ்யூவில் சார் முதல் தடவையாக வாயைப் பிளந்து பார்த்தார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். "ஜீப்புக்கு இன்ஜின் சத்தம் போடலையே?"

"வேணாங்க சார்" என்றாள் அவள். "அப்பா ஜீப்பு எறங்கும்போது சத்தம் வராது."

"அதெப்படிம்மா சத்தம் வராம ஜீப்பு போவும்?"

"அப்படித்தான் சார். மேல் வளைவு தாண்டினதும் சத்தம் நின்னுடும். நான் சின்னப் புள்ளையில முன் சீட்ல ஒக்காந்துக்கினு வருவேன். கிளி கத்தறது கேக்கும். டயர்ல சருகு நொறுங்கறதுகூட கேக்கும். கைய வெளிய நீட்டிக்கினே வருவேன். பறக்கறாப்ல இருக்கும் சார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆறு மாசத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாருக்கே மனசு இளகிவிட்டது. "சரி வுடும்மா, சத்தமில்லாமலே வரட்டும், அதுவும் நல்லாத்தான் கீது" என்றார். கிளிச் சத்தமும் சருகுச் சத்தமும் மட்டும் சேர்த்தோம். வண்டி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை எங்களில் வேறே யாரும் இல்லை. சார் பைக்கில் வருகிறவர், நானும் அவனும் பஸ்ஸில் வருகிறவர்கள். நன்றாக இருக்கிறது என்று ரசித்தோம், அவ்வளவுதான்.

கடைசி ரெவ்யூ அன்றைக்குப் பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அப்பா கரும்புக் காட்டிலிருந்து நேராக வந்தார். சட்டை வெளுத்து மடிப்பாக இருந்தது. கையில் மட்டும் கரும்புத் தோகை கிழித்த கோடு கோடாகக் காயம். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். "வாங்கப்பா" என்றேன். தலையை ஆட்டினார். நல்ல மனுஷன் முகம். அந்த முகத்தையா ஊர் ஒதுக்கி வைத்தது என்று எனக்கு மறுபடியும் கொதித்தது.

பெரியப்பா வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். முதல் பஸ் பிடித்து இறங்கியிருந்தார். அவள் மூன்று தடவை போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். கடைசி பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் பையில் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர். ஒரு பாட்டிலில் அவர்கள் ஊர் ஊற்றுத் தண்ணீர்.

எங்கள் முறை வந்தது. ஹால் லைட்டை மட்டும் அணைத்தார்கள். ரெகுலேட்டரை நான்கில் வைத்தேன். 

திரையில் மலை ரோடு. இரண்டு பக்கமும் பச்சை. நீலத் தார்ப்பாய் போட்ட ஜீப் சத்தமில்லாமல் இறங்குகிறது. கிளி கத்துகிறது, சருகு நொறுங்குகிறது. முன்னால் வெள்ளையாகப் பனி ஏறி வருகிறது. பாறை போனது. மரம் போனது. ரோடு போனது. ஜீப் அந்த வெள்ளைக்குள் நுழைந்தது, வெளியே வரவில்லை. விழுவதை நாங்கள் காட்டவில்லை. கொஞ்ச நேரம் வெறும் பனிதான். அப்புறம் கிளிச் சத்தமும் நின்றது.

கைதட்டினார்கள். நான் திரும்பி கடைசி பெஞ்சைத்தான் பார்த்தேன். பெரியப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார். பலகையின் பக்கத்தில் வந்து குனிந்து அந்தச் சின்ன வளைவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணி.

"இவ்ளோ பனியா இருந்திச்சி?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "இதுல இன்னா தெரியும்... யாரு ஓட்டினாத்தான் இன்னா தெரியும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவளைப் பார்த்துச் சொன்னார்: "நாக்கு ஒலந்து போச்சி. தண்ணி இருந்தா குடும்மா."

ஐயோ, அந்த நிமிஷம்! நான் திருநாவலூர்க்காரன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவள் பையைத் திறக்கிற அவசரத்தில் ஜிப் மாட்டிக்கொண்டது. டம்ளரில் தண்ணீரை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அப்போது அவள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "எதும்மா பனிய கூட்டறது?" என்று கேட்டார். அவர் குரலை அன்றைக்குத்தான் நான் முதலில் கேட்டேன். நான் பெருமையாக ரெகுலேட்டரைக் காட்டினேன். "இதாம்ப்பா. ஃபேனு மாதிரியேதான். நீங்க வேணா திருப்பிப் பாருங்க." பல்லை இளித்துக்கொண்டு சொன்னேன் நான்.

அவர் திருப்பினார். டக். மூன்று. ஓரக் கல் தெரிந்தது. டக். நாவல் மரம் தெரிந்தது. டக். ரோடு எங்கே திரும்புகிறது என்று தெரிந்தது. டக். சைபர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலைகூடப் பளிச்சென்று தெரிந்தது, வெயிலோடு.

"இப்பிடித்தான் இருந்திச்சி" என்றார்.

 பெரியப்பா டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே நின்றார்.

"பனி இல்லண்ணே. கல்லு தெரிஞ்சிச்சி. மரம் தெரிஞ்சிச்சி. எல்லாம் நல்லா தெரிஞ்சிச்சி. இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல வுட்டுக்கினு வந்தேன். டீசலு மிச்சமாவும்னு எப்பவும் அப்பிடித்தான் வருவேன், பழகிப் போச்சி. வளைவாண்ட மிதிச்சேன், இன்ஜினு ஓடாம பிரேக்கு புடிக்கல. கியர் போடப் பாத்தேன், வுழல. அண்ணி என் பேர சொல்லிக் கத்தினாங்க." அவர் அழவில்லை. ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. பிறகு மகளைப் பார்த்தார். "நீ சத்தம் வெக்காம வுட்டிருந்த பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சிம்மா. உனக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் எனக்காகப் பனி போட்டிருக்கற. அதுக்கு மேல என்னால முடியல."

அவளுக்கு வாய் கோணியது. "இல்லப்பா" என்றாள். "நான் அதுக்கு அப்பிடி வெக்கலப்பா."

அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவர் முகத்தில் போய் இறங்கியதை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

பெரியப்பா டம்ளரை மெல்ல இறக்கிப் பலகை ஓரமாக வைத்தார். உப்புத்தாள் ரோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. "இத ஊர்ல வந்து சொல்லு" என்றார். "அங்க வந்து சொல்லு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவள் அப்பாவும் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மலை ஏறினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எங்களுக்கு நல்ல மார்க்தான் வந்தது. திருநாவலூர்க்காரன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. நாம அவங்கப்பாவ கேட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பத்து நாள் கழித்து மாடலைப் பிரிக்க அவள் வந்தாள். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். கண் உள்ளே போயிருந்தது. அவள் நாவல் மரத்தைப் பிடுங்கி அட்டைப்பெட்டியில் வைத்தாள். நான் நாரைச் சுரண்டினேன். நானே கேட்டேன்.

"அப்பா சொன்னாரா?"

"சொன்னாரு. கோயிலாண்ட ஊரு கூடிச்சி. எல்லாத்தையும் சொன்னாரு."

"பெரியப்பா?"

"மூணு நாளு வூட்ட வுட்டு வெளியவே வரல. நாலாம் நாளு காலையில எங்க வாசல்ல வந்து நின்னாரு. தண்ணி கேட்டாரு. அப்பா கையாலதான் குடுத்தாரு. பெரியப்பா அழுதுக்கினே குடிச்சாரு."

எனக்குக் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அடிப்பாவி, இத மொதல்ல சொல்றதில்லையா! அப்போ நீ நெனச்சது நடந்துடுச்சேடி!"

"ம்" என்றாள். ரோட்டு உப்புத்தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் சிந்திய இடம் உப்பிப் போயிருந்தது. "ஊரே குடிக்குது. நான்தான் இன்னும் அவரு கையால வாங்கிக் குடிக்கல. தெனம் நீட்டறாரு."

"இன்னும் இன்னாடி கோவம் அவரு மேல? அதான் ஒத்துக்கினாரே மனுசன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவரு மேல எனக்கு இன்னாத்துக்குடி கோவம்? சத்தத்த நிறுத்துப்பா, கிளி கத்தறது கேக்கலன்னு மேல் வளைவாண்ட தெனம் சொன்னவ நான்தானே. எனக்காகத்தான் மொதமொதல்ல இன்ஜின நிறுத்தினாரு."